சனிக்கிழமை முனைவர்கள்

வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 14 வயதில் கல்லூரிப் படிப்பை முடித்தார். 18 வயதில் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார். இப்படிப்பட்டவர் மெதுவாகப் படிக்கிறவர்களைக் கண்டு சலித்துக்கொள்வார் என்றுதான் தோன்றும். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட்டது, வகுப்புக்கு வர முடியாதவர்களைப் பற்றி. 1880களின் தொடக்கத்தில் சிகாகோவை ஒட்டிய மார்கன் பார்க்கில், ஒரு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் அவர் ஹீப்ரு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் அவர் நடத்திய வகுப்புக்குப் பல ஊர்களிலிருந்து போதகர்கள் வந்தார்கள். சில வாரங்களில் வகுப்பு முடிந்துவிடும். சபையை விட்டுவிட்டு ஆண்டு முழுக்க அவர்களால் வந்து உட்கார முடியாது. ஆகவே பாடத்தாளையும் கேள்வித்தாளையும் அச்சடித்துத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். எழுதிய விடை திரும்பி வரும். திருத்தியதும் அடுத்த தாளுடன் சேர்த்து மறுபடி தபாலில் போகும்.

பிற்பாடு நியூயார்க் மாநிலத்தின் ஷட்டாக்குவா ஏரிக்கரையில் நடந்த கோடைக்காலக் கல்வி இயக்கத்திலும் அவர் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தார். வகுப்பறையில் நடக்கும் படிப்பைவிடத் தபாலில் நடக்கும் படிப்பு அதிகமாகிவிடும் காலம் வரும் என்று அந்த நாளிலேயே எழுதியவர் அவர். ராக்ஃபெல்லரின் பணத்தில் சிகாகோ பல்கலைக்கழகம் 1892-ல் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் ஹார்ப்பர்தான். தொடக்கத்திலேயே அங்கே அஞ்சல் வழிக் கல்விக்கு ஒரு துறை இருந்தது.

அதே மனிதருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை ஜூனியர் காலேஜ் என்றும் பின்னிரண்டை சீனியர் காலேஜ் என்றும் அவர் பிரித்துவைத்தார். முதல் பாதியை அந்தந்த ஊரிலேயே நடத்தினால் என்ன என்று கேட்டார். சிகாகோவுக்கு அருகில் ஜோலியட் நகரின் உயர்நிலைப் பள்ளியை நிர்வகித்துவந்த ஜே. ஸ்டான்லி பிரவுன் அதைச் செய்துகாட்டினார். 1901-ல் பள்ளிக் கட்டடத்திலேயே, ஆறு மாணவர்களுடன். இன்று வரை தொடர்ந்து நடக்கும் அமெரிக்கப் பொதுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது அதுதான்.

ஆக, தபால் படிப்பு, ஊர்க் கல்லூரி இரண்டையும் வளர்த்தவர் ஒருவரே. ஆனால் முழுப் பட்டத்தையும் தபாலிலேயே வாங்கிக்கொள்ள அவரும் விடவில்லை. வீட்டிலிருந்தே படித்து, ஊர்க் கல்லூரியை நடத்தும் தலைமைப் பொறுப்புக்கு முனைவர் பட்டம் வாங்கலாம் என்ற நிலை வருவதற்கு, அவர் 1906-ல் இறந்த பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வந்தபோது சண்டையோடுதான் வந்தது.

சண்டைக்கு ஒரு முன்கதை உண்டு. இல்லினாய் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1870களிலேயே நேரில் வராதவர்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. இளங்கலை, முதுகலை மட்டுமல்ல, முனைவர் பட்டம்கூட. வீட்டிலிருந்து படித்துத் தேர்வு எழுதினால் போதும். கிட்டத்தட்ட 1910 வரை அது நடந்தது. நிறுத்தப்பட்டதற்குக் காரணம் மாணவர் பஞ்சம் அல்ல. இப்படிக் கொடுக்கும் முனைவர் பட்டத்தை மற்ற பல்கலைக்கழகங்கள் முகம் சுளித்துப் பார்த்தன.

முகம் சுளித்தவர்களிடமும் எல்லாம் சரியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க மண்ணில் முதல் பிஎச்.டி. பட்டங்களை யேல் 1861-ல்தான் கொடுத்தது. நாற்பது ஆண்டு கழித்து, ஹார்வர்டின் வில்லியம் ஜேம்ஸ் 1903-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பட்டத்தை ஆக்டோபஸ் என்றே திட்டினார். இலக்கியம் கற்பிக்க ஒரு கல்லூரி ஒருவரை வேலைக்கு எடுத்தது. அவருக்கு முனைவர் பட்டம் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர் நன்றாகக் கற்பிப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. கல்லூரியின் பட்டியலில் எல்லாப் பெயருக்குப் பின்னாலும் அந்த எழுத்துகள் இருக்க வேண்டும், பட்டத்தை வாங்கிவிட்டு வா என்றார்கள். ஜேம்ஸ் கோபப்பட்டது இதற்குத்தான். ஆக்டோபஸின் கை எட்டாத இடமாக அப்போது இருந்தவை ஜோலியட் போன்ற கல்லூரிகளே. பல ஊர்களில் பள்ளி நிர்வாகிதான் கல்லூரிக்கும் தலைவர். பகலில் பள்ளிக்கூடக் கணக்கு, மாலையில் கல்லூரிக் கணக்கு. முனைவர் பட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறிவிட்டது. திரும்பி வந்த படைவீரர்களுக்கு அரசு செலவில் படிப்பு. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-ல், கட்டணமில்லாத சமுதாயக் கல்லூரிகளை நாடெங்கும் திறக்கச் சொன்னது. அடுத்து, போருக்குப் பின் பிறந்த தலைமுறை கல்லூரி வயதை எட்டியது. 1960களில் மட்டும் 450-க்கும் மேற்பட்ட புதிய பொதுச் சமுதாயக் கல்லூரிகள் முளைத்தன. வாரத்துக்கு ஒன்று என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கொஞ்சம் மிகைதான், பெரிய மிகை அல்ல. கட்டடம் கட்டிவிடலாம், ஆசிரியரையும் பிடித்துவிடலாம். முதல்வரை எங்கே தேடுவது?

இந்தக் கேள்விக்குப் பணம் கொடுத்தது கார்ன்ஃபிளேக்ஸ். காலை உணவு வியாபாரத்தில் சம்பாதித்த டபிள்யூ. கே. கெல்லாக் 1930-ல் தொடங்கிய அறக்கட்டளை, 1960 முதல் பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுத்து, ஜூனியர் கல்லூரித் தலைமைக்கென்றே முனைவர் படிப்புகளை வளர்த்தது. பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு, மிச்சிகன், ஃபுளோரிடா, கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகம் அதற்கும் முன்னோடி. சி. சி. கால்வர்ட் 1944-லேயே ஆஸ்டினில் இதற்கென்று ஒரு படிப்பைத் தொடங்கியிருந்தார். கெல்லாக் உதவியில் படித்து வந்த ஜான் ரூயெஷ் 1971 முதல் நாற்பது ஆண்டு அதை நடத்தினார். அவரிடம் படித்தவர்களில் கல்லூரித் தலைவர்கள் ஆனவர்களின் கூட்டம் பெரியது.

கெல்லாக் படிப்பில் சேர வேண்டுமானால், வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, குடும்பத்தோடு ஆஸ்டினுக்கோ ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்கோ குடிபெயர வேண்டும். முப்பது வயதுக்காரர் செய்வார். நாற்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்க, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்க, அயோவாவின் ஒரு சிற்றூரில் துறைத்தலைவராக இருப்பவர் என்ன செய்வார்? ஊரை விட்டு வர முடியாதவர்களுக்காகவே கட்டிய கல்லூரியில் வேலை பார்ப்பவர், அந்த வேலையில் உயர்வதற்காக ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. இந்த முரண் அப்போது யாருக்கும் பெரிதாக உறுத்தியதாகத் தெரியவில்லை.

அந்த முரணைக் காசாக்கிய இடம் ஃபுளோரிடாவில் இருக்கிறது. ஃபோர்ட் லாடர்டேலுக்குப் பக்கத்தில், போர்க்காலத்தில் கடற்படை விமானிகள் பயிற்சி எடுத்த ஒரு பழைய விமானத் தளம். அங்கே 1964-ல் பட்டயம் பெற்று, 1967-ல் 17 முனைவர் பட்ட மாணவர்களுடன் திறந்தது நோவா பல்கலைக்கழகம். விண்வெளி யுகத்துக்கு ஏற்ற உயர் தொழில்நுட்ப ஆய்வு மையம் என்பது கனவு. கனவுக்குக் காசு போதவில்லை. 1970-ல் மூடும் நிலைக்கு வந்து, நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து தப்பியது. அந்த ஆண்டு தலைவரானவர் ஏபிரகாம் ஃபிஷ்லர், பெர்க்லியில் கல்வியியல் பேராசிரியராக இருந்தவர். 1972-ல் அவர் இரண்டு முனைவர் படிப்புகளை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோனார். ஒன்று பள்ளி முதல்வர்களுக்கு, இன்னொன்று சமுதாயக் கல்லூரிக்காரர்களுக்கு. பட்டத்தின் பெயர் பிஎச்.டி. அல்ல, எட்.டி. கல்வித் துறையில் வேலை பார்க்கிறவர்களுக்கென்று ஹார்வர்டு 1920-ல் உண்டாக்கிய முனைவர் பட்டம் அது.

நடந்த விதம் சுவையானது. ஓர் ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள இருபத்தைந்து முப்பது பேரைச் சேர்த்தால் ஒரு குழு. அதற்கு கிளஸ்டர் என்று பெயர். உள்ளூர்க்காரர் ஒருவர் ஒருங்கிணைப்பாளர். கூடும் இடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு சமுதாயக் கல்லூரியின் வகுப்பறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து மாலை வரை பாடம். பாடம் எடுப்பவர் நோவாவில் சம்பளம் வாங்கும் முழுநேரப் பேராசிரியர் அல்ல. வேறு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையில் பெயர் வாங்கியவர், வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் வந்து இறங்குவார். மூன்று மாதம், மூன்று சனிக்கிழமை, ஒரு பாடப்பகுதி முடிந்தது. கல்லூரி நிர்வாகம், பாடத்திட்டம் வகுத்தல், கற்றல் கோட்பாடு, ஆய்வு முறை என்று வரிசையாக வரும். கோடையில் ஒருமுறை எல்லாக் குழுக்களும் ஃபுளோரிடாவில் கூடும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பிராக்டிகம் எழுத வேண்டும். தன் கல்லூரியில் தான் தினமும் முட்டிக்கொள்ளும் ஒரு சிக்கலை எடுத்து, தரவு திரட்டி, மாற்று வழி சொல்லும் அறிக்கை. அமெரிக்க அரசின் கல்வி ஆவணக் களஞ்சியமான எரிக்கில் இவை குவிந்து கிடக்கின்றன. மாலை வகுப்பு மாணவர்கள் பாதியில் ஏன் நிற்கிறார்கள், கணக்கில் பின்தங்கியவர்களை எந்த வகுப்பில் போடுவது, பதிவு நாளன்று நீளும் வரிசையை எப்படிக் குறைப்பது. உலகை மாற்றும் ஆய்வுகள் இல்லைதான். ஆனால் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனதும் பயன்படக்கூடியவை. தூசி படிந்த எத்தனையோ பிஎச்.டி. ஆய்வேடுகளைப் பற்றி இதைச் சொல்ல முடியாது.

படிப்பு பரவியது, பணம் வந்தது, பல்கலைக்கழகம் பிழைத்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. மாணவர் வேலையையும் விடுவதில்லை, பல்கலைக்கழக நூலகத்தின் வாசலையும் மிதிப்பதில்லை, மூன்றே ஆண்டில் முனைவர். இது படிப்பா, கடையா? தென்மாநிலங்களின் அங்கீகாரக் குழு 1971-லேயே நோவாவை ஏற்றிருந்தாலும், குழுக்கள் இயங்கிய மற்ற மாநிலங்கள் அதை வைத்து மட்டும் விடுவதாக இல்லை.

வட கரோலினா அனுமதி மறுத்தது. நோவா வழக்குப் போட்டது. 1982-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் நோவா பக்கம் நின்றது. பட்டம் கொடுப்பதற்கு உரிமம் கேட்கத்தான் சட்டம் அதிகாரம் தருகிறது. நோவா பட்டம் கொடுப்பது ஃபுளோரிடாவில், இங்கே அது பாடம் மட்டும்தான் நடத்துகிறது, அதைத் தடுக்க இந்தச் சட்டத்தில் இடமில்லை என்றது தீர்ப்பு. இரண்டே ஆண்டில் தலைநகர் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்ப்பக்கம் போனது. நகரில் முனைவர் படிப்பு நடத்துகிறாயா, போதிய முழுநேர ஆசிரியரும் நூலகமும் இங்கே இருக்கட்டும் என்று உரிமம் மறுத்தது செல்லும் என்றது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே சனிக்கிழமை ஏற்பாடு, ஒரு மாநிலத்தில் உரிமை, நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் குற்றம். இந்த வழக்குகளைப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. மாணவர் என்ன கற்றார் என்பது இரண்டு தீர்ப்பிலும் மையமாக இல்லை. ஆசிரியர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், புத்தகம் எங்கே அடுக்கியிருக்கிறது என்பதே பேச்சு.

தமிழ் வாசகருக்கு இந்த மனநிலை புதிதல்ல. ‘கரஸ்ல படிச்சதா?’ என்று இழுத்துக் கேட்கும் தொனியை நேர்முகத் தேர்வுகளில் கேட்டவர்கள் எத்தனையோ பேர். இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கு அந்தக் கதவே மூடியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் வெளியிட்ட விதிகள், எம்.பில்., பிஎச்.டி. இரண்டையும் தொலைநிலைக் கல்வி வழியில் நடத்தக் கூடாது என்று தடுத்துவிட்டன. பகுதிநேரம் என்றால் சரி, தொலைநிலை என்றால் இல்லை. சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பு மட்டும் இங்கே வந்து சேர்ந்தது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது, பிறகு சென்னையை மையமாக வைத்து சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அந்த இயக்கத்தைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனார்.

அமெரிக்காவில் கதவு மெல்ல அகன்றது. பெர்னி டர்னர், ரீட்டா டர்னர் என்ற நியூயார்க் ஆசிரியத் தம்பதி 1970-ல் தொடங்கிய வால்டன், வேலை பார்த்துக்கொண்டே முனைவராகும் வழியை வேறு விதத்தில் திறந்தது. அதற்கு அங்கீகாரம் கிடைக்க 1990 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1980களில் நோவாவே தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிகளை இணைத்து முதுநிலைப் பாடம் நடத்திப் பார்த்தது. 1992-ல் நாடாளுமன்றம் ஒரு கடிவாளம் போட்டது. பாதிக்கு மேல் பாடங்களைத் தொலைநிலையில் நடத்தும் நிறுவனங்களின் மாணவர்களுக்கு அரசு கல்விக்கடன் கிடையாது. தபாலில் பட்டம் விற்கும் கடைகளை ஒடுக்கவே அது வந்தது. இணையப் படிப்புக்கு அந்தக் கடிவாளம் 2006-ல் அவிழ்ந்ததும், இணைய முனைவர் படிப்புகள் பெருகின.

அதற்குள் கல்லூரிகளுக்கு இன்னொரு பயமும் பிடித்திருந்தது. 1960களில் இளைஞர்களாக வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்வு வயதை நெருங்கினார்கள். சமுதாயக் கல்லூரிகளின் சங்கம் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், அப்போதிருந்த தலைவர்களில் 45 சதவீதம் பேர் 2007-க்குள் ஓய்வு பெறத் திட்டமிட்டிருந்தார்கள். மீண்டும் அதே பழைய கேள்வி: முதல்வரை எங்கே தேடுவது? இம்முறை விடையின் ஒரு பகுதி வகுப்பறைக்கு வெளியிலிருந்தும் வந்தது. வர்ஜீனியாவின் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரித் தலைமைக்கென ஒரு பிஎச்.டி.யையே, தொலைவிலிருந்து படிக்கும்படி வைத்தது. ஆஸ்டினில் நாற்பது ஆண்டு நேரடி வகுப்பை நடத்திய ரூயெஷ், 2012-ல் நேஷனல் அமெரிக்கன் பல்கலைக்கழகம் என்ற தனியார் நிறுவனத்தில் தன் பெயரிலேயே ஒரு மையம் தொடங்கினார். அங்கே படிப்பு பெரும்பாலும் தொலைநிலையில்தான். பழைய பள்ளியின் பெரியவரே புதுப் பாதைக்கு மாறியதைப் பார்த்துப் பலர் புருவம் உயர்த்தினார்கள். அந்த நிறுவனம் லாப நோக்கில் நடப்பது என்பதும் ஒரு காரணம்.

தொலைநிலைப் படிப்பின் உண்மையான வலி மதிப்பில் அல்ல, முடிப்பதில்தான். பாடங்களை எல்லோரும் ஒரு கூட்டமாக முடித்துவிடுவார்கள். ஆய்வேடு என்று வந்ததும் ஒவ்வொருவரும் தனி. நெறியாளர் இரண்டு நேர மண்டலம் தள்ளி இருப்பார். அத்தியாயத்தை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் கல்லூரியில் பட்ஜெட் நெருக்கடி வரும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். இப்படி ஆய்வேடு மட்டும் பாக்கி என்று நின்றுபோனவர்களுக்கு அமெரிக்கக் கல்வி உலகில் ஏ.பி.டி. என்று பெயரே உண்டு. சிலர் கடனை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரி இடைநிற்றலைப் பற்றி ஆராயப் புகுந்தவர்களே இடைநின்றுபோவது கொடுமைதான்.

இதற்கிடையே 2007-ல் கார்னெகி அறக்கட்டளையின் ஆதரவோடு சுமார் 25 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, எட்.டி. பட்டத்தை மறுபடி வடிவமைக்கப் புறப்பட்டன. அவர்கள் கண்ட முடிவு: மாணவர் தன் வேலையிடத்தில் உள்ள நிஜமான சிக்கல் ஒன்றை எடுத்து ஆய்வேடு எழுதட்டும், குழுவாகச் சேர்ந்து முன்னேறட்டும். நோவாவின் பழைய கிளஸ்டரும் பிராக்டிகமும் மரியாதையான பெயர்களோடு திரும்பி வந்தன. 1972-ல் ஏளனம் செய்தவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதாகச் செய்தி இல்லை.

ஏளனம் முற்றிலும் ஓயவும் இல்லை. 2020 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜோசப் எப்ஸ்டீன் என்ற எழுத்தாளர், அதிபராகப் போகும் பைடனின் மனைவி ஜில் பைடனைப் பெயருக்கு முன்னால் டாக்டர் போடுவதை விட்டுவிடச் சொன்னார். ஜில் பைடன் டெலவேரில் சமுதாயக் கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே, டெலவேர் பல்கலைக்கழகத்தில் எட்.டி. முடித்தவர். ஆய்வேட்டின் பொருள், சமுதாயக் கல்லூரி மாணவர்களைப் படிப்பில் தக்கவைப்பது. அவர் தொலைநிலையில் படித்தவரும் அல்ல. ஆனாலும் பட்டத்தின் மீது விழுந்த கல் அதேதான்.

கலிபோர்னியாவின் கதை இன்னும் வேடிக்கை. உயர்நிலைப் பள்ளிகளிலேயே கல்லூரிப் பாடம் நடத்த 1907-ல் சட்டம் போட்ட மாநிலம் அது. இன்று 116 சமுதாயக் கல்லூரிகள், நாட்டிலேயே அதிகம். ஆனால் 1960-ல் அங்கே வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், அரசுக் கல்வி நிறுவனங்களில் முனைவர் பட்டம் கொடுக்கும் உரிமையைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கிவிட்டது. மாநிலமெங்கும் பரவிக் கிடந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்கள், கூட்டுப் பட்டமாக அன்றித் தாமாக அதைக் கொடுக்க முடியாது. அதனால் பேக்கர்ஸ்ஃபீல்டில் வேலை பார்த்த துறைத்தலைவருக்குப் பக்கத்தில் அரசுப் பல்கலைக்கழகம் இருந்தும், முனைவர் பட்டத்துக்குத் தனியார் நிறுவனங்களையும் வெளிமாநிலங்களையும் நாட வேண்டியிருந்தது. அந்த ஏகபோகம் உடைய 45 ஆண்டு பிடித்தது. 2005-ல் வந்த சட்டம், பள்ளி நிர்வாகத்துக்கும் சமுதாயக் கல்லூரி நிர்வாகத்துக்குமான எட்.டி. பட்டத்தை மட்டும் அந்த வளாகங்கள் தாமே கொடுக்கலாம் என்றது. 2007-ல் முதல் குழுக்கள் சேர்ந்தன. வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பு என்பதால் வகுப்புகளை மாலை நேரத்திலும் வார இறுதியிலும் வைத்தார்கள்.